புதுவகைத் தடுப்பூசி பாதுகாப்பானதா? இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது

"அது நம் மரபணுவையே மாற்றிவிடுமாமே?" "ஒரே வருஷத்துக்குள் எப்படித் தயாரித்தார்கள்?" "இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி. பத்து வருஷம் கழித்து?"

கொரோனாவுக்கு எதிராக எம்.ஆர்.என்.ஏ. என்ற புதுவகைத் தடுப்பூசி வந்த நாளிலிருந்து இந்த மூன்று கேள்விகளும் ஓயவில்லை. கேட்பவர்களில் எழுத்து வாசனை இல்லாதவர்களும் உண்டு, பட்டம் பெற்றவர்களும் உண்டு, மருத்துவமனையிலேயே வேலை பார்ப்பவர்களும் உண்டு. இவர்களை "அறிவியல் தெரியாதவர்கள்" என்று ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. காய்ச்சல்காரருக்கு மருந்து கொடுக்கும்போது, நோய் ஏற்கெனவே அவரை வாட்டிக்கொண்டிருக்கிறது. மருந்தில் கொஞ்சம் கஷ்டம் இருந்தாலும் பொறுத்துக்கொள்வார். தடுப்பூசி அப்படியில்லை. நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் ஆளின் கையில், பல நேரம் ஒரு குழந்தையின் தொடையில், போடுகிறோம். அதற்கு மற்ற மருந்துகளைவிடக் கறாரான பாதுகாப்பு வேண்டும் என்று மக்கள் எதிர்பார்ப்பது நியாயம்தான்.

இந்தப் பயம் புதிதும் இல்லை. 1796இல் எட்வர்ட் ஜென்னர், மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை ஒரு சிறுவனின் கையில் கீறிச் செலுத்திப் பெரியம்மைக்குத் தடுப்பு கண்டுபிடித்தார். ஆறே ஆண்டுகளில், 1802இல், லண்டனில் ஒரு கேலிச்சித்திரம் வெளிவந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களின் கைகளிலிருந்தும் முகத்திலிருந்தும் குட்டி மாடுகள் முளைத்து வெளியே வருவதாக அதில் வரைந்திருந்தார்கள். வேற்று உயிரின் ஏதோ ஒன்று நமக்குள் புகுந்து நம்மை வேறாக மாற்றிவிடும் என்ற அச்சம் அன்றைக்கு மாட்டின் உருவில் வந்தது. இன்றைக்கு மரபணு என்ற சொல்லில் வருகிறது.

எல்லாப் பயத்துக்கும் ஒரே பதில் கிடையாது. உடம்பு எப்படி இயங்குகிறது என்று தெரிந்தாலே சில கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். வேறு சில கேள்விகளுக்கு ஊசி போட்டவர்களை லட்சக்கணக்கில் எண்ணிப் பார்த்தால்தான் விடை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை நடக்கிறது என்று நினைக்கிறேன்.

உடம்புக்குள் போவது என்ன?

முதலில் மரபணுக் கேள்வி. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் (ரத்தச் சிவப்பணு போன்ற சிலவற்றைத் தவிர) உட்கரு என்று ஒரு அறை இருக்கிறது. அதற்குள்தான் நம் மரபணுக்களைச் சுமக்கும் டி.என்.ஏ. பத்திரமாக இருக்கிறது. உடம்புக்கு ஒரு புரதம் தேவைப்படும்போது டி.என்.ஏ. வெளியே வராது. தேவையான பகுதியை மட்டும் நகல் எடுத்து வெளியே அனுப்பும். அந்த நகல்தான் எம்.ஆர்.என்.ஏ. தையல்காரரிடம் கொடுக்கிற அளவுச் சீட்டைப் போல. அளவுப் புத்தகம் பீரோவிலேயே இருக்கும். சீட்டு மட்டும் தையல் மேசைக்குப் போகும். செல்லில் அந்தத் தையல் மேசைக்கு ரைபோசோம் என்று பெயர். சீட்டில் எழுதியிருக்கிறபடி அது புரதத்தைத் தைத்துக் கொடுக்கும். வேலை முடிந்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடும்.

தடுப்பூசியில் இருப்பது வெளியிலிருந்து வரும் ஒரு சீட்டு. கொரோனா வைரஸின் மேல் முள் முள்ளாகத் துருத்திக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தை மட்டும் தயாரிக்கும் குறிப்பு அதில் இருக்கிறது. வைரஸ் முழுதாக இல்லை. ஆகவே அந்த ஊசியால் கொரோனா நோய் வராது. நம் செல் அந்தப் புரதத்தைத் தயாரித்து வெளியே காட்டும். நோய் எதிர்ப்பு மண்டலம் "இது நம்முடையது இல்லை" என்று கண்டுகொண்டு ஆன்டிபாடிகளை (அந்நியப் பொருளை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதங்களை) உருவாக்கும். பிற்பாடு நிஜ வைரஸ் வந்தால் ஆள் அடையாளம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

சீட்டு தனியாகப் போனால் வழியிலேயே சிதைந்துவிடும். அதனால் மிகச் சிறிய கொழுப்புத் துகளுக்குள் வைத்து அனுப்புகிறார்கள். இதைத் தவிர ஊசி மருந்தில் இருப்பவை கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் தண்ணீரும்தான். ஃபைசர் ஊசியின் ஒரு பெரியவர் தவணையில் இருந்த எம்.ஆர்.என்.ஏ.வின் அளவு 30 மைக்ரோகிராம். ஒரு கிராமை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு.

அப்படியானால் இது டி.என்.ஏ.வை மாற்றுமா? எம்.ஆர்.என்.ஏ. வேலை செய்வது உட்கருவுக்கு வெளியே. அது டி.என்.ஏ.வில் போய் ஒட்டவேண்டுமென்றால் முதலில் தானே டி.என்.ஏ.வாக மாறவேண்டும், பிறகு உட்கருவுக்குள் நுழையவேண்டும், அப்புறம் நம் டி.என்.ஏ.வை வெட்டி நடுவில் தன்னைச் சொருகவேண்டும். இந்த வேலைகளுக்கான நொதிகள் எதுவும் தடுப்பூசியில் இல்லை.

ஆனால் இங்கே பேச்சை முடித்துவிட்டால் அது முழுப் பதில் ஆகாது. 2022இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், கல்லீரல் புற்றுநோயிலிருந்து வளர்த்த செல்களை ஆய்வுக்கூடத் தட்டில் வைத்து, அதன்மேல் தடுப்பூசி மருந்தை ஊற்றிப் பார்த்தார்கள். எம்.ஆர்.என்.ஏ.வின் ஒரு பகுதி டி.என்.ஏ. வடிவத்துக்கு மாறியதைக் கண்டார்கள். இணையத்தில் இது பெரிய பூகம்பமாகப் பரவியது. அந்த ஆய்வு சொன்னது அவ்வளவுதான். அது மனிதரின் மரபணுத் தொகுப்பில் போய்ச் சேர்ந்ததாக அந்த ஆய்வு காட்டவில்லை. புற்றுநோய்ச் செல்கள் சாதாரணச் செல்களைப் போல நடந்துகொள்வதும் இல்லை. ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பவை. ஆகவே "நிரூபணமாகிவிட்டது" என்பதும் தவறு, "அப்படி ஒரு ஆய்வே இல்லை" என்பதும் தவறு.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு: தடுப்பூசியில் டி.என்.ஏ. மிச்சம் இருக்கிறது என்பது. இருக்கிறது, உண்மைதான். எம்.ஆர்.என்.ஏ.வை உருவாக்க டி.என்.ஏ.வைத்தான் அச்சாக வைக்கிறார்கள். பிறகு அதைத் துண்டு துண்டாக்கி நீக்குகிறார்கள், முழுவதும் போகாது. செல்களை வளர்த்துத் தயாரிக்கும் பழைய தடுப்பூசிகளிலும் இப்படி மிச்சம் இருப்பது உண்டு. அதனால்தான் ஒரு தவணைக்கு 10 நானோகிராம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோகிராம். இந்த விஷயத்தில் கேட்கத் தகுந்த கேள்வி "டி.என்.ஏ. இருக்கிறதா" என்பதைவிட "வரம்புக்குள் இருக்கிறதா, யார் சோதித்தார்கள், முடிவு வெளியே வந்ததா" என்பதுதான்.

ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லவேண்டும். எல்லாப் புதுவகைத் தடுப்பூசியும் எம்.ஆர்.என்.ஏ. கிடையாது. ஆக்ஸ்ஃபோர்ட்-அஸ்ட்ராஜெனெகா, ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊசிகளில் தீங்கில்லாததாக மாற்றிய ஒரு அடினோவைரஸ் (சளி உண்டாக்கும் ஒரு வைரஸ் வகை), டி.என்.ஏ. குறிப்பைச் சுமந்துபோகும். 2021 ஆகஸ்டில் இந்தியாவில் அவசர அனுமதி பெற்ற சைகோவ்-டி நேரடியாக டி.என்.ஏ.வையே பயன்படுத்தும் தடுப்பூசி. மனிதர்களுக்கென்று உலகில் அனுமதி பெற்ற முதல் டி.என்.ஏ. தடுப்பூசி அது. இவை வேலை செய்வதற்கு உட்கருவுக்குள் போகத்தான் வேண்டும். ஒன்றுக்குச் சொன்ன பதிலை அப்படியே இன்னொன்றுக்கு ஒட்டவைக்கக் கூடாது. அது நல்ல பதிலானாலும் சரி, கெட்ட பதிலானாலும் சரி.

அவசரத்தில் எதை விட்டார்கள்?

அடுத்து வேகம். வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில் வெளியானது. மார்ச் 16 அன்று முதல் தன்னார்வலரின் கையில் மாடர்னாவின் ஊசி இறங்கியது. டிசம்பர் 2 அன்று பிரிட்டன் ஃபைசர் ஊசிக்கு அனுமதி தந்தது. பதினொரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன் மிக வேகமாக வந்ததாகச் சொல்லப்படும் பொன்னுக்குவீங்கித் தடுப்பூசிக்கே நான்கு ஆண்டுகள் ஆயின. கேட்பவருக்குச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் பூஜ்யத்திலிருந்து தொடங்கிய பதினொரு மாதம் இல்லை அது. எம்.ஆர்.என்.ஏ. என்ற ஒன்று இருப்பதே 1961இல் தெரியவந்தது. அதை எலியின் தசையில் செலுத்தினால் புரதம் உருவாகிறது என்பதை 1990இல் காட்டினார்கள். ஒரு சிக்கல் மட்டும் தீராமல் இருந்தது. வெளியிலிருந்து செலுத்தும் எம்.ஆர்.என்.ஏ.வை உடம்பு எதிரியாகப் பார்த்துக் கடும் அழற்சியைக் கிளப்பியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் காத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் வருஷக்கணக்காக அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். எம்.ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றைக் கொஞ்சம் மாற்றி அமைத்தால் உடம்பு அமைதியாக ஏற்றுக்கொள்கிறது என்று 2005இல் எழுதினார்கள். அப்போது அதைக் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 2023இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. வெறிநாய்க்கடிக்கு எதிரான ஒரு எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியை 2013இலேயே மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கியிருந்தார்கள். கொழுப்புத் துகளுக்குள் ஆர்.என்.ஏ.வை வைத்து அனுப்பும் முறையில் ஒரு நரம்பு நோய் மருந்து 2018இல் அனுமதி பெற்றுவிட்டது.

வழக்கமாக ஏன் பத்து வருஷம் ஆகிறது? பெரும்பகுதி காத்திருப்புதான். ஒரு கட்டச் சோதனை முடிந்ததும் அடுத்ததற்குப் பணம் தேடவேண்டும், ஆள் சேர்க்கவேண்டும், அனுமதிக்கு வரிசையில் நிற்கவேண்டும். அனுமதி கிடைத்தபின்தான் ஆலையில் உற்பத்தி தொடங்கும். 2020இல் அரசுகள் பணத்தை முன்பே கொட்டின. கட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாக நடத்தினார்கள். சோதனை தோற்றால் குப்பையில் கொட்டத் தயாராக, உற்பத்தியை முன்கூட்டியே தொடங்கினார்கள். தொற்று எங்கும் பரவியிருந்ததால் ஊசி வேலை செய்கிறதா என்பதும் சீக்கிரமே தெரிந்தது. ஃபைசரின் சோதனையில் ஏறக்குறைய 43,000 பேர், மாடர்னாவின் சோதனையில் சுமார் 30,000 பேர். ஃபைசர் சோதனையில் நோய் வந்த 170 பேரில் 162 பேர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் உப்புநீர் ஊசி போட்ட பக்கம். தடுப்பூசி போட்ட பக்கம் 8 பேர்.

ஆள் எண்ணிக்கையில் குறை வைக்கவில்லை. குறைத்தது காலத்தைத்தான். அவசர அனுமதி கேட்பதற்கு முன் சோதனையில் இருப்பவர்களை இரண்டாம் தவணைக்குப் பின் சராசரியாக இரண்டு மாதமாவது கவனித்திருக்கவேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டது. இரண்டு மாதம் என்பது பல கேள்விகளுக்குப் போதும். எல்லாவற்றுக்கும் போதாது. இதை அன்றைக்கே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், பின்னால் வந்த கோபம் குறைந்திருக்கும்.

சோதனையின் கண்ணுக்குத் தெரியாதவை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

20,000 பேருக்கு ஊசி போட்டோம். ஒருவருக்குக்கூட ஒரு குறிப்பிட்ட பக்கவிளைவு வரவில்லை. அப்படியானால் அந்தப் பக்கவிளைவே கிடையாது என்று சொல்லலாமா? கூடாது. புள்ளியியலில் ஒரு எளிய வாய்ப்பாடு இருக்கிறது: ஒன்றுமே நடக்காத இடத்தில், மூன்றை ஆள் எண்ணிக்கையால் வகுத்தால், ஆபத்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கக்கூடும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். மூன்றை 20,000ஆல் வகுத்தால், ஏறக்குறைய 6,700 பேரில் ஒருவர். அதாவது, ஐம்பதாயிரத்தில் ஒருவருக்கு வரும் பிரச்சினை இந்தச் சோதனையில் தலைகாட்டாமலே போகலாம். யாரும் மறைத்ததால் இல்லை. வலையின் கண் அவ்வளவு பெரியது.

ஆகவே "சோதித்துப் பார்த்துவிட்டோம், பாதுகாப்பானது" என்ற வாக்கியம் எப்போதும் பாதி வாக்கியம். மீதிப் பாதி, மருந்து பொதுமக்களிடம் வந்தபின் நடக்கும் கண்காணிப்பு. அதற்கான அமைப்புகள் துயரங்களிலிருந்து பிறந்தவை. கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைட் மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உறுப்புக் குறையோடு பிறந்தபின்தான், பக்கவிளைவுகளை எழுதி அனுப்பும் மஞ்சள் அட்டைத் திட்டம் பிரிட்டனில் 1964இல் வந்தது. அமெரிக்காவில் 1955இல் கட்டர் என்ற நிறுவனம் தயாரித்த போலியோ ஊசியின் சில தொகுதிகளில் வைரஸ் சரியாகச் செயலிழக்காமல் உயிரோடு இருந்தது. குழந்தைகளுக்குப் போலியோ வந்தது, சிலர் இறந்தார்கள். தயாரிப்புக் கட்டுப்பாடுகள் அதன்பின் இறுகின.

1998 ஆகஸ்டில் ரோட்டாஷீல்டு என்ற சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்க. சில மாதங்களில், மருந்து குடித்த சில குழந்தைகளுக்குக் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் மடிந்து நுழைந்துகொள்வது) வந்ததாகத் தகவல்கள் வந்தன. பதினைந்து தகவல்கள்தான். அதை வைத்தே 1999 ஜூலையில் நிறுத்தினார்கள்; அக்டோபரில் மருந்து சந்தையைவிட்டே போய்விட்டது. ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு அந்த ஆபத்து இருந்தது என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். அதற்கடுத்து வந்த இரண்டு ரோட்டா மருந்துகளை ஒவ்வொன்றும் 60,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்த பிறகே விட்டார்கள். வலையின் கண்ணைச் சிறிதாக்கினார்கள்.

கொரோனாத் தடுப்பூசிகளிலும் இதுவே நடந்தது. 2021 மார்ச்சில், அஸ்ட்ராஜெனெகா ஊசி போட்ட சிலருக்கு மூளை போன்ற வழக்கமில்லாத இடங்களில் ரத்தம் உறைந்தது. கூடவே, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தன. உறைதலும் தட்டணுக் குறைவும் சேர்ந்து வருவது விநோதம். அந்த விநோதம்தான் காட்டிக்கொடுத்தது. சில வாரங்களிலேயே காரணம் புரிந்தது: தட்டணுக்களிலிருந்து வரும் ஒரு புரதத்துக்கு எதிராகவே உடம்பு ஆன்டிபாடி தயாரித்துவிடுகிறது. வழக்கமாக ரத்தம் உறைந்தால் கொடுக்கும் ஹெபாரினை இவர்களுக்குத் தவிர்க்கவேண்டும் என்று மருத்துவர்களுக்குத் தகவல் போனது. பிரிட்டனில் ஐம்பது வயதுக்குக் கீழே இருந்தவர்களில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேருக்கு ஒருவர் என்று கணக்கு வந்தது. பல நாடுகள் இளவயதினருக்கு வேறு ஊசியைக் கொடுத்தன. ஜான்சன் அண்ட் ஜான்சன் ஊசியை, ஏறக்குறைய 68 லட்சம் தவணை போட்டபின் ஆறே ஆறு பேருக்கு இது வந்ததைப் பார்த்து, 2021 ஏப்ரல் 13 அன்று அமெரிக்கா தற்காலிகமாக நிறுத்தியது.

எம்.ஆர்.என்.ஏ. ஊசிக்கு வந்த முக்கியமான எச்சரிக்கை இதயத் தசை அழற்சி. 2021இல் முதலில் இஸ்ரேலில் கவனித்தார்கள். பதின்வயது, இருபதுகளில் இருக்கும் ஆண்களுக்கு, பெரும்பாலும் இரண்டாம் தவணைக்குப் பின், ஒரு வாரத்துக்குள் நெஞ்சுவலி. அமெரிக்கக் கணக்கில் 16, 17 வயது ஆண் பிள்ளைகளுக்கு ஃபைசரின் இரண்டாம் தவணை பத்து லட்சம் போட்டால் 106 பேருக்கு இது வந்தது. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இதைவிட மிகக் குறைவு. பெரும்பாலோர் சில நாள் சிகிச்சையில் தேறினார்கள். ஸ்வீடனும் பின்லாந்தும் 2021 அக்டோபரில் மாடர்னா ஊசியை இளைஞர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவைத்தன. இரண்டு தவணைகளுக்கும் இடையிலான இடைவெளியை அதிகப்படுத்தினால் ஆபத்து குறைவதும் தெரிந்தது.

"கொரோனா வந்தாலும் இதயத் தசை அழற்சி வருமே" என்று பதில் சொல்வார்கள். வரும். மொத்த மக்களை வைத்துப் பார்த்தால் தொற்றால் வருவதுதான் அதிகம். ஆனால் நாற்பது வயதுக்குக் கீழே உள்ள ஆண்களை மட்டும் தனியாகப் பார்த்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், மாடர்னாவின் இரண்டாம் தவணைக்குப் பின் கூடுதலாக வந்த அழற்சி, தொற்றால் வந்ததைவிட அதிகமாக இருந்தது. ஆக, "பாதுகாப்பானதா" என்பதற்கு வயதைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. எழுபது வயதுப் பாட்டிக்கும் பதினேழு வயதுப் பேரனுக்கும் கணக்கு வேறு. இருவருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொன்னது பொதுச் சுகாதாரத் துறையின் பெரிய பிழை என்பது என் கருத்து.

"அரிது" என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. லட்சத்தில் ஒருவர் என்றால் அரிதுதான். அந்த ஒருவரின் வீட்டில் அது அரிது இல்லை. அவருக்குச் சிகிச்சை, இழப்பீடு, குறைந்தபட்சம் "ஆமாம், இது ஊசியால்தான்" என்ற ஒப்புதல் கிடைக்கவேண்டும். பல நாடுகளில் தயாரிப்பு நிறுவனங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்த அளவுக்குப் பாதிக்கப்பட்டவர்களுக்கான வழி எளிதாக அமையவில்லை. மக்களின் கோபத்தில் இதற்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

பின்னால் நடந்ததெல்லாம் அதனால் நடந்ததா?

இப்போது எதிர்ப்பக்கத் தவறு. பத்து லட்சம் பேர் வாழும் ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஆயிரத்தில் பத்துப் பேர் இயல்பாகவே இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குப் பத்தாயிரம், ஒரு நாளைக்கு 27, ஒரு வாரத்துக்கு 190 பேருக்கு மேல். அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் வெறும் உப்புநீரை ஊசியில் போட்டாலும், அடுத்த வாரத்துக்குள் 190 குடும்பங்கள் "ஊசி போட்டுக்கொண்டார், போய்விட்டார்" என்று சொல்லும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்டது உண்மை. காரணம் மட்டும் ஊசி இல்லை.

இதனால்தான் அமெரிக்காவின் வேர்ஸ் போன்ற புகார்ப் பதிவேடுகளில் இருக்கும் எண்ணிக்கையை எடுத்து "இத்தனை பேர் ஊசியால் செத்தார்கள்" என்று எழுதுவது தவறு. அதில் யார் வேண்டுமானாலும் பதியலாம். காரணம் நிரூபணமாகத் தேவையில்லை. அது ஒரு புகை எச்சரிக்கை மணி போல. மணி அடித்தால் ஓடிப்போய்ப் பார்க்கவேண்டும். ரோட்டாஷீல்டின் பதினைந்து தகவல்கள் வந்ததும் அந்த மணியில்தான். ஆனால் மணி அடித்த ஒவ்வொரு முறையும் வீடு எரிந்தது என்று கணக்கெழுதக் கூடாது. அடுத்து பார்க்கவேண்டியது ஒப்பீடு: ஊசி போட்டவர்களிடம் இது வழக்கத்தைவிட அதிகமா? போடாதவர்களைவிட அதிகமா? இதயத் தசை அழற்சி இந்தத் தேர்வில் மாட்டிக்கொண்டது. நூற்றுக்கணக்கான வேறு சந்தேகங்கள் மாட்டவில்லை.

பத்து வருஷம் கழித்து?

இதற்குத்தான் பதில் சொல்வது கடினம். வழக்கமான பதில்: தடுப்பூசியின் பக்கவிளைவுகள் முதல் இரண்டு மாதத்துக்குள் தெரிந்துவிடும். பெரும்பாலும் சரிதான். 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு ஏறக்குறைய ஒருவருக்குக் கூடுதலாக கில்லன் பாரே என்ற நரம்பு முடக்கம் வந்தது. சில வாரங்களுக்குள் வந்தது. எம்.ஆர்.என்.ஏ. சில நாட்களில் பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. நிணநீர் முடிச்சுகளில் சில வாரங்கள் வரை தடயம் இருந்ததாகவும் ஆய்வு உண்டு. எப்படியும் அது வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பொருள் இல்லை.

ஆனால் தடுப்பூசி வரலாற்றில் தாமதமாகத் தெரிந்தவையும் இருக்கின்றன. 2009இல் ஐரோப்பாவில் போட்ட பாண்டெம்ரிக்ஸ் என்ற ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசிக்கும், பகலிலேயே கட்டுக்கடங்காமல் தூக்கம் வரும் நார்கோலெப்சி நோய்க்கும் தொடர்பு இருப்பது பின்லாந்திலும் ஸ்வீடனிலும் 2010 ஆகஸ்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பிலிப்பைன்ஸில் 2016 முதல் எட்டு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்கு டெங்வாக்சியா என்ற டெங்குத் தடுப்பூசி போட்டார்கள். அதற்கு முன் டெங்கு வந்தே இராத குழந்தைக்கு இந்த ஊசி போட்டால், பிற்பாடு டெங்கு வரும்போது கடுமையாகலாம் என்று 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. இந்த ஆபத்து வருஷங்கள் கழிந்து, நிஜ நோய் வரும்போதுதான் தெரியக்கூடியது. அந்த நாட்டில் தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக நம்பியவர்கள் 2015இல் 93 சதவீதம். 2018இல் 32 சதவீதம். ஒரு தடுப்பூசியின் தவறு மற்ற எல்லாத் தடுப்பூசிகளின் மேலும் விழுந்தது.

எம்.ஆர்.என்.ஏ. ஊசி 2020 கடைசியிலிருந்து கோடிக்கணக்கானவர்களுக்குப் போடப்பட்டிருக்கிறது. பல நாடுகளின் மருத்துவப் பதிவேடுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்துவருகின்றன. டெங்வாக்சியா போல ஊசி போட்டவருக்குத் தொற்று வரும்போது நோய் கடுமையாகிறதா என்ற கேள்வியை ஆரம்பத்திலிருந்தே தேடினார்கள்; நடந்தது நேரெதிர், கடும் நோய் குறைந்தது. இதுவரையான பதில் ஆறுதல் தருகிறது. அது இனி வரப்போகும் வேறொரு எம்.ஆர்.என்.ஏ. ஊசிக்கும் தானாகப் பொருந்திவிடாது. அதில் இருக்கும் குறிப்பு வேறு, தயாராகும் புரதம் வேறு. அதைத் தனியாகச் சோதிக்கத்தான் வேண்டும்.

பெண்கள் சொன்னதைக் கேட்காத கதை

2021இல் உலகம் முழுக்கப் பெண்கள் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: ஊசிக்குப் பின் மாதவிடாய் தள்ளிப்போகிறது, உதிரப்போக்கு அதிகமாக இருக்கிறது. "மன அழுத்தமாக இருக்கும்" என்று பலருக்குப் பதில் கிடைத்தது. பெரிய சோதனைகளில் மாதவிடாயைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. பிறகு ஆய்வு செய்தார்கள். ஏறக்குறைய நாலாயிரம் பெண்களின் பதிவுகளைப் பார்த்ததில் சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போவதும், தற்காலிகமானது என்பதும் தெரிந்தது. 2022 அக்டோபரில் ஐரோப்பிய மருந்து அமைப்பின் பாதுகாப்புக் குழு, அதிக உதிரப்போக்கை எம்.ஆர்.என்.ஏ. ஊசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது.

ஆபத்தில்லாத விஷயம். ஆனால் பெண்கள் சொன்னது உண்மை. முதல் நாளே "கவனித்துக்கொள்கிறோம், எழுதி வையுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லாததால் என்ன ஆயிற்று? ஊசியால் மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்தி, அந்த மௌனத்தில் வேர்விட்டது. ஸ்பைக் புரதமும் நஞ்சுக்கொடியின் ஒரு புரதமும் ஒன்றுபோல இருக்கின்றன என்பதுதான் அந்த வதந்தியின் அடிப்படை. இரண்டுக்கும் சொல்லும்படியான ஒற்றுமை கிடையாது. சோதனையில் இருந்த பெண்களே, ஊசி போட்ட பக்கமும் போடாத பக்கமும், கருவுற்றார்கள். இந்த விளக்கம் சரியானது. ஒருமுறை உதாசீனப்படுத்தப்பட்டவளின் காதில் அது ஏறவில்லை.

போட்டுக்கொள்ளும்போது

ஊசி போட்டபின் பதினைந்து நிமிடம் அங்கேயே உட்காரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் தவணையில் ஐந்து பேர் அளவில் வருகிறது. பெரும்பாலும் அந்தக் கால் மணி நேரத்துக்குள். உடனே கவனித்தால் சரியாகிவிடும். முன்பு ஏதாவது ஊசிக்கோ மருந்துக்கோ ஒவ்வாமை வந்திருந்தால் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள்.

கைவலி, காய்ச்சல், உடம்புவலி இரண்டொரு நாளில் போய்விடும். அடுத்த ஒரு வாரத்துக்குள் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு வந்தால், அதுவும் இளைஞராக இருந்தால், "தானாகச் சரியாகும்" என்று படுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் போய், ஊசி போட்ட விஷயத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அஸ்ட்ராஜெனெகா வகை ஊசி போட்ட காலத்தில், நாலு நாளுக்குப் பிறகும் விடாத கடும் தலைவலி, பார்வை மங்கல், கால் வீக்கம், தோலில் சிறு ரத்தப் புள்ளிகள் ஆகியவற்றைக் கவனிக்கச் சொன்னார்கள்.

ஊசியின் பெயர், போட்ட தேதி, குப்பியில் அச்சிட்ட தொகுதி எண் மூன்றையும் செல்போனில் ஒரு படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது நடந்தால், அது ஊசியால்தானா என்று நீங்கள் முடிவு செய்யத் தேவையில்லை. சந்தேகம் இருந்தாலே போதும், அரசின் பக்கவிளைவுப் பதிவேட்டில் பதியச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். பல நாடுகளில் நீங்களே நேராகவும் பதியலாம். ரோட்டாஷீல்டை நிறுத்தவைத்த பதினைந்து தகவல்களும் இப்படி யாரோ ஒருவர் மறக்காமல் எழுதி அனுப்பியவைதான்.